காணிக் குழந்தையின் மொழிக்கு எந்தக் கணக்கில் பணம்?

பழங்குடிக் குழந்தைகளின் கல்விக்கென அரசுகள் ஒதுக்கும் பணம் கட்டடமாகவும் விடுதியாகவும் ஜீப் வாடகையாகவும் மலையேறுகிறது. அந்தக் குழந்தைகள் வீட்டில் பேசும் மொழிக்கு அதில் எவ்வளவு போகிறது என்று தேடினால், பல மாநிலங்களில் அப்படியொரு கணக்குத் தலைப்பே அகப்படாது. கல்வி நிதி ஒரு துறையில் இருக்கும், பழங்குடி நல நிதி இன்னொரு துறையில் இருக்கும், மொழி வளர்ச்சி நிதி பெரும்பாலும் மாநிலத்தின் ஆட்சிமொழிக்கே போகும். இந்த மூன்றுக்கும் நடுவில் விழுந்துபோகிற மொழிகளில் ஒன்று, கேரளத்தின் தெற்கு எல்லையில் அம்பூரி மலைகளில் காணிக்காரர் பேசும் மொழி.

அம்பூரி திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையோர ஊராட்சி. பாறசாலை சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. நெடுங்காலம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்து, 2014இல் காட்டாக்கடை தாலுகா உருவானபோது அதற்குள் வந்தது. அங்கிருந்து சற்றுத் தள்ளினால் கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்துகாணியும் ஆறுகாணியும். ஊராட்சியின் கீழ்ப்பகுதி ரப்பர்த் தோட்டங்களும் கடைத்தெருவும் கொண்ட குடியேற்றப் பகுதி. மேற்பகுதியில் புரவிமலை, தொடுமலை, குன்னத்துமலை போன்ற காணிக் குடியிருப்புகள். இடையில் கிடப்பது நெய்யாறு அணையின் நீர்த்தேக்கம். 1950களில் அணை எழுந்து நீர் பரவியபோது, மலையிலிருந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் வருவதற்குத் தோணிதான் வழி என்றாகிவிட்டது. 1958இல் இந்தப் பகுதி நெய்யாறு வனவிலங்குச் சரணாலயமாகவும் ஆனதால் சாலை போடுவதும் வனத்துறை அனுமதியைச் சார்ந்த காரியமானது. கும்பிச்சல் கடவில் ஒரு பாலம் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் நீண்டு, கடைசியில் மாநில அரசின் கட்டமைப்பு முதலீட்டு நிதியமான கிஃப்பியின் பணத்தில்தான் அதற்கு வழி பிறந்தது.

காணிக்காரர் அகத்தியமலையைச் சுற்றி வாழும் தொல்குடி. கேரளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களிலும், தமிழ்நாட்டில் பேச்சிப்பாறை, கோதையாறு, பாபநாசம் மலைகளிலும் அவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. ஊர்த் தலைவர் முட்டுக்காணி, ஆட்களைக் கூட்டுபவர் விளிகாணி, மருத்துவமும் சடங்கும் பார்ப்பவர் பிலாத்தி என்று பழைய அமைப்பு. நோய் தீர்க்கவும் தெய்வத்தை அழைக்கவும் கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி இசைத்துக்கொண்டு இரவெல்லாம் பாடும் சாற்றுப்பாட்டு அவர்களுடைய பெரும் வாய்மொழிச் செல்வம். காட்டின் செடிகொடிகளைப் பற்றிய அறிவும் இதே வாய்மொழியில்தான் கைமாறி வந்திருக்கிறது. அந்த மொழியை மலம்பாஷை என்று சொல்வதுண்டு. தமிழ்க் காதுக்கு அது மலையாளமாகவும் மலையாளக் காதுக்கு அது தமிழாகவும் படும். அதுவே பள்ளியில் அதற்கு எதிராக வேலை செய்கிறது.

சந்தாலி பேசும் குழந்தையை ஒடியா வகுப்பில் உட்காரவைத்தால், அதற்கு ஒன்றும் புரியவில்லை என்பது ஆசிரியருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். அது வேறு மொழி, ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றும். காணிக் குழந்தையின் நிலை அப்படியல்ல. அது பேசுவது ஆசிரியருக்குப் பாதி புரியும். மீதிப் பாதியைப் பிழை என்று எடுத்துக்கொண்டு திருத்தத் தொடங்குவார். கொச்சை, எழுத்துக்கு ஒவ்வாத பேச்சு, வீட்டுப் பழக்கம் என்றெல்லாம் பெயர் விழும். இரண்டு மூன்று முறை வகுப்பில் சிரிப்பு எழுந்தால் குழந்தை வாய் திறப்பதை நிறுத்திக்கொள்ளும். பள்ளிப் பதிவேட்டில் அது ‘பின்தங்கிய மாணவர்’. பக்கத்து மொழியாக இருப்பது கற்றலுக்கு எளிதான பாலமாக இருக்க வேண்டியது. அது தனி மொழிதான் என்று யாரும் ஒப்புக்கொள்ளாதபோது பாலம் சுவராகிவிடுகிறது.

1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அந்தப் போராட்டம் தமிழ், மலையாளம் என்ற இரண்டு பெயர்களில் நடந்தது; அன்றைக்கு அதற்கான நியாயங்களும் இருந்தன. எல்லைக்கோடு விழுந்த பிறகு பேச்சிப்பாறையின் காணிக் குழந்தைக்குத் தமிழ் பாடமொழி, குன்னத்துமலையின் காணிக் குழந்தைக்கு மலையாளம் பாடமொழி. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் இரண்டு எழுத்தில் படிக்கிறார்கள்.

கோட்டின் இரு பக்கமும் சட்டங்கள் தத்தம் மொழியைப் பற்றி அக்கறையோடு பேசுகின்றன. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், கேரளத்தில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் சிறுபான்மையினராகப் பெயர் சொல்லிப் பாதுகாப்புத் தரப்பட்டவர்கள் தமிழரும் கன்னடரும். எல்லையோரத் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்வழிப் பள்ளியும் அரசு அச்சிட்ட தமிழ்ப் பாடநூலும் கேட்டுப் பெற இடமிருக்கிறது. அதே மலையடிவாரத்தில் காணிக் குழந்தை கேட்கத்தக்க ஏற்பாடு எதுவும் இல்லை.

அரசியல் சாசனத்தில் இடம் இல்லாமலில்லை. 1956இல் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ‘இயன்றவரை’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அதிகாரிகள் வசதியாக நுழைந்துகொள்ள முடியும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை வீட்டுமொழியை வலியுறுத்துகிறது. அங்கேயும் அதைப் போன்ற ஒரு சொல் காவல் நிற்கிறது.

எண்ணிக்கையும் ஒரு தடை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகள் என்று வகைப்படுத்தி, 10,000 பேருக்கு மேல் பேசுவோர் உள்ளவற்றைத் தொகுத்து 121 மொழிகள் என்று வெளியிட்டார்கள். கேரளத்தில் காணிக்காரர் மக்கள்தொகை இருபதாயிரத்தைச் சற்றே தாண்டும். ஆனால் கணக்கெடுக்க வருபவரிடம் மலையாளம் என்றோ தமிழ் என்றோ சொல்லிவிடுவதே எளிது. அப்படிச் சொன்ன வீட்டில் இனம் பதிவாகும், மொழி பதிவாகாது. பழங்குடி என்ற அங்கீகாரமே தமிழ்நாட்டுப் பட்டியலில் காணிக்காரருக்கு மாவட்டமும் தாலுகாவும் குறித்து அளந்துதான் தரப்பட்டிருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் அம்பூரியின் ஓராசிரியர் பள்ளியைப் பார்க்க வேண்டும். 1990களின் பிற்பகுதியில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் காலத்தில், வழக்கமான பள்ளி எட்டாத இடங்களில் கேரள அரசு பன்முக வகுப்புக் கற்றல் மையங்களைத் திறந்தது. மக்கள் வாயில் அவை ஏகாத்தியாபக வித்தியாலயங்கள். ஒரு கூரை, ஓர் ஆசிரியர், ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை எல்லாக் குழந்தைகளும். ஆசிரியர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர். தன்னார்வலர் என்ற பெயரில் மதிப்பூதியம், அதுவும் பல மாதங்கள் தாமதமாகும். குன்னத்துமலையில் 1999 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் கடவுவரை ஸ்கூட்டரில் வந்து, தோணியைத் தாமே துழாவி அக்கரை சேர்ந்து, காட்டுவழியில் மலையேறிப் பள்ளி நடத்தினார். வராத குழந்தையை வீட்டுக்குப் போய் அழைத்துவருவதும், சமைத்துப் போடுவதும் அவர் வேலையில் சேர்த்தி.

இத்தகைய பள்ளியைப் புனிதமாக்கிக் காட்ட வேண்டியதில்லை. நான்கு வகுப்புகளை ஒருவரே நடத்தும் இடத்தில் கணக்கும் அறிவியலும் எவ்வளவு நடக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது குடியிருப்புக்குள் இருந்தது. குழந்தை மாலையில் வீடு திரும்பியது, பாட்டியோடு பேசியது, சாற்றுப்பாட்டு நடக்கும் இரவில் தூங்காமல் விழித்திருந்தது. ஆசிரியையும் இருபது ஆண்டுகளில் குழந்தைகளின் பேச்சைப் புரிந்துகொண்டிருந்தார். எந்தப் பாடநூலிலும் இல்லாத இருமொழிக் கல்வி, யாருடைய திட்டத்திலும் இல்லாமலேயே அங்கே கொஞ்சம் நடந்துகொண்டிருந்தது.

2022 மார்ச்சில், மாநிலத்தில் எஞ்சியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட இந்த மையங்களை மூட அரசு முடிவெடுத்தது. குழந்தைகள் பக்கத்துப் பொதுப்பள்ளிகளில் சேர்க்கப்படுவார்கள், போக்குவரத்துக்கும் விடுதிக்கும் ஏற்பாடு செய்யப்படும் என்பது அறிவிப்பு. வேலையிழந்த ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்கு அரசுப் பள்ளிகளில் துப்புரவுப் பணி தரப்பட்டது. குன்னத்துமலை ஆசிரியை அந்த ஜூன் மாதம் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் ஒரு பள்ளியில் துப்புரவாளராகச் சேர்ந்தார். செய்தி நாடெங்கும் பரவியது. பரவிய செய்தியில் பேசப்பட்டது பெரும்பாலும் அவருக்கு நேர்ந்த அவமதிப்பு. குடியிருப்புக் குழந்தைகள் இனி எந்த மொழியில் வளர்வார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

கல்வி உரிமை விதிகளின்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். மலை, ஆறு, பாதையின்மை காரணமாக அது முடியாத இடத்தில் இலவசப் போக்குவரத்தோ உறைவிட வசதியோ தந்தால் போதும். அரசுக்கு இது இரண்டில் ஒன்றைத் தேர்வதுதான். மொழிக்கு இது வாழ்வா சாவா என்ற வேறுபாடு. கேரளம் போக்குவரத்துக்காக முன்பு கோத்ரசாரதி என்றும் இப்போது வித்யாவாஹினி என்றும் ஒரு திட்டத்தை நடத்துகிறது. வண்டி வரும் இடத்தில் குழந்தை வீட்டிலிருந்தே படிக்கும். வண்டி வராத இடத்தில் மாதிரி உறைவிடப் பள்ளி. திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஞாறநீலியிலும் குற்றிச்சலிலும் பழங்குடி மாணவர்களுக்கான உறைவிடப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்குகின்றன. வீட்டில் மலம்பாஷை, ஊரில் மலையாளம், பாடத்தில் ஆங்கிலம். இந்தப் பள்ளிகளில் படித்துப் பட்டதாரிகளும் அரசு ஊழியர்களும் வரவேண்டும் என்பதே பெற்றோரின் ஆசையும். அந்த ஆசையைக் குறைத்துப் பேசிவிட்டு மொழிக்காக வாதாடுவது எளிய தவறு. ஆனால் ஆறேழு வயதில் விடுதிக்குப் போகும் குழந்தைக்கு அந்த மொழியில் பேச ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதங்களே மிஞ்சும்.

பணம் எங்கே இருக்கிறது? 1974–75இல் ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தோடு வந்த பழங்குடித் துணைத்திட்டம், மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதியை ஒதுக்கச் சொன்னது. அரசியல் சாசனத்தின் 275(1) பிரிவின்கீழ் மத்திய அரசு பழங்குடி நலனுக்கு மாநிலங்களுக்கு மானியம் தருகிறது. ஏகலவ்யா உறைவிடப் பள்ளிகள் 1997–98இல் தொடங்கியது இந்த மானியத்தில்தான். சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டமிடல் வந்த பிறகு துணைத்திட்ட நிதியின் ஒரு பகுதி நேராக ஊராட்சிக்கே வருகிறது. பழங்குடிக் குடியிருப்பின் ஊர்க்கூட்டம் கூடி அதற்குத் திட்டம் சொல்லலாம். நெடுமங்காட்டில் ஒருங்கிணைந்த பழங்குடி வளர்ச்சி அலுவலகம் இருக்கிறது. ஆகப் பணமே இல்லை என்பதல்ல குறை. எல்லாப் பணமும் குழந்தையின் சாதிச் சான்றிதழைப் பார்த்து வருகிறது. குழந்தை வீட்டில் என்ன பேசுகிறது என்பதைப் பார்த்து வருவதில்லை.

மொழிக்கென்றே இருக்கும் நிதி ஆவணப்படுத்தலோடு நின்றுவிடுகிறது. மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல், 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைப் பதிவுசெய்யும் திட்டத்தை நடத்துகிறது. முதல் கட்டப் பட்டியல் 117 மொழிகள். தமிழ்நாடு 2024–25 வரவுசெலவுத் திட்டத்தில் சௌராஷ்டிரம், படுகர் மொழிகளோடு தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளின் வளத்தையும் ஒலிவடிவத்தையும் இனவரைவியல் நோக்கில் பதிவுசெய்ய 2 கோடி ரூபாய் அறிவித்தது. காணி என்ற பெயர் ஓர் அரசின் மொழி நிதியில் வந்தது பெரிய விஷயம்தான். அதே வரவுசெலவுத் திட்டத்தில் பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்கான தொல்குடி திட்டத்துக்கு நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி. சாலையும் குடிநீரும் முதலில் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆயினும் ஏழு மொழிகளுக்கு 2 கோடி என்பது ஒலிப்பதிவுக்குப் போதும். ஒரு வகுப்பறைக்கு ஓர் ஆசிரியரைத் தராது. பதிவான மொழி அருங்காட்சியகத்துக்குப் போகலாம், பள்ளிக்கும் போகலாம். இரண்டாவதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும்.

அந்தச் செலவு எப்படிப்பட்டது என்று காட்டிய மாநிலம் ஒடிசா. 2006–07இல் சந்தாலி, சவரா, குய், குவி, கோயா, ஜுவாங், போண்டா முதலிய பத்து மொழிகளில் தொடக்க வகுப்புகளைத் தொடங்கி, பின்னர் 21 மொழிகளுக்கு விரித்தது. அந்தந்தச் சமூகத்திலிருந்தே மொழி ஆசிரியர்களை எடுத்தார்கள். அந்த ஊரின் விதைப்பு, திருவிழா, கதைகளை வைத்துப் பாடநூல் எழுதினார்கள். சந்தாலிக்கு ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து இருந்தது. மற்றவற்றில் பலவற்றுக்கு ஒடியா எழுத்தே பயன்பட்டது. முதல் வகுப்பில் தாய்மொழி பெரும்பகுதி, வகுப்பு ஏற ஏற ஒடியா கூடும். குறைகளும் உண்டு: மூன்று நான்கு ஆண்டுகளில் தாய்மொழி ஒரு படிக்கட்டாக மட்டும் பயன்பட்டுப் பின்னால் விடப்படுகிறது. கேரளத்திலும் 2017இல் வயநாட்டில் கோத்ரபந்து என்ற பெயரில், ஆசிரியர் பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்கள் தொடக்கப்பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். பணியர், காட்டுநாயக்கர் குழந்தைகளுக்கு வகுப்பில் தங்கள் பேச்சு தெரிந்த ஒருவர் கிடைத்தார். ஆனால் அவர்களுக்கும் தினக்கூலிக் கணக்கில்தான் சம்பளம். குன்னத்துமலை ஆசிரியைக்கு இருந்த அதே நிலையின்மை இங்கேயும் தொடர்கிறது.

நிலையின்மைதான் இதில் மையப் பிரச்சினை என்பது பனிநிலத்திலும் தெரிந்திருக்கிறது. கனடாவின் வடகோடியில் இனுயிட் மக்களின் நுனாவுட் 1999இல் தனி ஆட்சிப்பகுதியானது. 2008இல் இயற்றிய மொழிப் பாதுகாப்புச் சட்டம், 2019க்குள் எல்லா வகுப்புகளிலும் இனுயிட் மொழியில் கல்வி என்று உறுதியளித்தது. தேவையான ஆசிரியர்கள் உருவாகவில்லை. 2020இல் சட்டத்தைத் திருத்திக் காலக்கெடுவை 2039க்குத் தள்ளினார்கள். மறு ஆண்டே இனுயிட் அமைப்பு நீதிமன்றம் போனது. 2019ஆம் ஆண்டின் கனடா தொல்குடி மொழிகள் சட்டம், போதுமான, நிலையான, நீண்டகால நிதி என்ற மூன்று தன்மைகளையும் சட்ட வாசகத்திலேயே எழுதியிருக்கிறது. மொழி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். மார்ச் மாதத்தோடு முடியும் நிதியால் அந்த வேலை நடக்காது.

காணிக்காரருக்குத் தங்கள் அறிவுக்குப் பணம் வந்த அனுபவம் ஒன்று உண்டு. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குப் போன ஆய்வுக்குழு, உடன் வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தது. ஆரோக்கியப் பச்சை என்று பின்னர் பெயர்பெற்ற அந்தச் செடியிலிருந்து பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் தந்தது. வருவாயில் பாதி காணிச் சமூகத்துக்கு என்று முடிவாகி, 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. பலன் பகிர்வுக்கு உலகம் எடுத்துக்காட்டிய ஏற்பாடு அது. செடி ஒன்றுக்கு இவ்வளவு நடந்தது. அதுபோன்ற நூற்றுக்கணக்கான செடிகளின் பெயரையும் குணத்தையும் சுமந்து நிற்கும் மொழிக்கு அப்படியொரு ஒப்பந்தம் எழுதப்படவில்லை.

அம்பூரி போன்ற இடத்தில் முதற்படிக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கான படநூல்கள், சாற்றுப்பாட்டும் கதைகளும் அடங்கிய ஒலித்தொகுப்பு, குடியிருப்பிலேயே படித்து வளர்ந்த ஓர் இளைஞருக்கு நிரந்தர ஆசிரியர் பணி. முதல் இரண்டும் ஒருமுறைச் செலவு. மூன்றாவதுதான் ஆண்டுதோறும் வருவது, அரசுகள் தயங்குவதும் அதில்தான். ஆசிரியப் பயிற்சி முடித்த காணி இளைஞர் சொந்த மலையில் பணி செய்ய முன்வந்தால், அங்கே பேச்சு தெரிந்தவருக்கு முன்னுரிமை என்று நியமன விதியில் ஒரு வரி வேண்டும். அதற்கு நிதித்துறை மட்டும் போதாது, தேர்வாணையமும் கல்வித்துறையும் இசைய வேண்டும்.

எழுத்துக் கேள்வியும் எல்லையோடு பிணைந்தது. அம்பூரியில் மலையாள எழுத்தில் அச்சாகும் காணிப் படநூல் பேச்சிப்பாறைக்கு உதவாது. தமிழ் எழுத்தில் அச்சாவது இங்கே உதவாது. ஆனால் கதை ஒன்றுதான், படம் ஒன்றுதான். திருவனந்தபுரத்தின் மாநிலக் கல்வியாராய்ச்சி நிறுவனம் ஏற்கெனவே தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடநூல் அச்சிடுகிறது. சென்னை 2024இல் காணி மொழிப் பதிவுக்குப் பணம் அறிவித்துவிட்டது. பதிவை இரு மாநிலமும் பகிர்ந்து, ஒரே நூலை இரு எழுத்தில் அச்சிடும் முடிவை ஊர்க்கூட்டமோ ஊராட்சியோ எடுக்க முடியாது. இரண்டு தலைமைச் செயலகங்களின் பழங்குடி நலத்துறைகள் கையெழுத்திட வேண்டிய காரியம் அது. நெய்யாற்று நீருக்காக இரு மாநிலமும் பல ஆண்டுகளாகக் கடிதம் எழுதிக்கொள்கின்றன. அந்த நீர்த்தேக்கத்தின் கரையில் பேசப்படும் மொழிக்காகவும் ஒரு கடிதம் எழுதலாம்.